குன்றில் கூடு, தொழுவத்தில் ஆபத்து: பாலைநிலப் பாறுகளைக் காக்க வருவோருக்கு

ராஜஸ்தானில் தார் பாலையின் ஓரங்களிலும் ஆரவல்லிக் குன்றுகளிலும் கோட்டாவை ஒட்டிய சம்பல் பள்ளத்தாக்கிலும் செங்குத்துப் பாறைகளில் கூடு வைக்கும் ஊனுண்ணிப் பறவைகள் இன்னும் இருக்கின்றன. அவற்றுக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று வருகிறவர்கள் முதலில் கேட்பது, கூடு எங்கே இருக்கிறது என்பதைத்தான். கூட்டைக் கண்காணிக்க வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் வளர்ந்த பாறு (பிணந்தின்னிக் கழுகு) ஒன்று சாவது பெரும்பாலும் கூட்டருகே அல்ல. இரை தேடி வெகுதூரம் பறந்து, எங்கோ ஒரு கோசாலைக்குப் பின்னால் கிடக்கும் செத்த மாட்டைத் தின்று சாகிறது. இல்லையென்றால் நிழலுக்கு மரமில்லாத வெளியில் ஒரு மின்கம்பத்தில் உட்கார்ந்து சாகிறது. ஆகவே இந்த வேலையில் ஒரு பாதி பாறையிலிருந்து தள்ளி நிற்பது. மறுபாதி மருந்துக்கடைக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் நடப்பது.

யாரைக் காக்கிறோம்

கருங்கழுத்துப் பாறுதான் இங்கே பாறைக்கு உரிய பறவை. செங்குத்துப் பாறையில் படிபோல நீட்டி நிற்கும் திட்டுகளில் கூட்டமாகக் கூடு வைக்கும். பாறை இல்லாத இடத்தில் பழைய கோட்டைகளிலும் நினைவு மாடங்களிலும் வைக்கும். மத்தியப் பிரதேசத்து ஓர்ச்சாவின் சத்திரிகள் என்ற நினைவு மாடங்கள் இதற்குப் பெயர்பெற்றவை. மஞ்சள்முகப் பாறு பாறைப் பொந்து, பாழடைந்த கட்டடம், பெருமரம், மின்கோபுரம் என்று எதையும் ஏற்றுக்கொள்ளும். லகர் வல்லூறு சொந்தமாகக் கூடு கட்டாது. பாறைத் திட்டையோ, காகமும் கழுகும் விட்டுப்போன கூட்டையோ எடுத்துக்கொள்ளும். தார் பகுதியில் முள்வால் ஓணான்கள் அதற்கு முக்கியமான இரை. அந்த ஓணான்களைப் பிடித்து விற்பதைத் தடுப்பதும் வல்லூறைக் காப்பதில் சேரும். இவற்றோடு ஷாஹீன் பைரி என்ற வல்லூறும் கொம்பன் ஆந்தையும் அதே பாறைகளில் இருக்கலாம். குளிர்காலத்தில் பிகானேரை அடுத்த ஜோர்பீர் போன்ற, செத்த மாடுகளைக் கொண்டுவந்து போடும் சடலக் கிடங்குகளுக்கு யூரேசியப் பாறு, கரும்பாறு, ஸ்டெப்பி கழுகு ஆகியவை வடக்கிலிருந்து வந்து இறங்கும்.

நம் பக்கத்தில் நீலகிரி அடிவாரத்து மோயாறு பள்ளத்தாக்கிலும் இதே கருங்கழுத்துப் பாறு பாறையில்தான் கூடு வைக்கிறது. அங்கே அதிகமாக உள்ள வெண்முதுகுப் பாறு ஆற்றோர நீர்மருது மரங்களில் வைக்கும். கீழே சொல்வதில் மருந்து, விஷம், மின்கம்பம் பற்றியவை அங்கேயும் அப்படியே பொருந்தும்.

முதலில் அனுமதி

பாறுகள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. முட்டையையோ கூட்டையோ சிதைப்பதும் குலைப்பதும் அந்தச் சட்டத்தின்படி வேட்டைதான். சரணாலயத்துக்கோ காப்புக்காட்டுக்கோ உள்ளே போவதானால் வனத்துறையிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். காட்டுக்கு வெளியே உள்ள பாறை என்றால் நிலத்துக்காரரையும் பஞ்சாயத்தையும் பாருங்கள். அந்தப் பக்கம் ஆடு மேய்ப்பவர்களிடம் பேசுவது இன்னும் முக்கியம். எந்தத் திட்டில் எந்த ஆண்டு குஞ்சு இருந்தது, எப்போதிலிருந்து கல் உடைக்கிறார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும்.

நிற்கும் இடம்

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு பாறையின் உச்சிக்கு ஏறி மேலிருந்து எட்டிப் பார்ப்பது. தலைக்கு மேலே வரும் எதையும் கூட்டிலிருக்கும் பறவை ஆபத்தாகவே எடுத்துக்கொள்ளும். கீழே, எதிர்ப்பக்கம், 500 மீட்டருக்குக் குறையாத தொலைவில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். பள்ளத்தாக்கின் மறுகரை இருந்தால் அதைவிட நல்லது இல்லை. ஒவ்வொரு முறையும் அதே இடத்திலிருந்துதான் பார்க்க வேண்டும். இடம் மாறினால் திட்டுகளின் எண் குழம்பிவிடும்.

உட்கார்ந்திருந்த பறவை தலையை நிமிர்த்தி உங்களையே பார்க்கத் தொடங்கினாலோ, எழுந்து நின்றாலோ, நீங்கள் எல்லை தாண்டிவிட்டீர்கள். மெதுவாகப் பின்வாங்குங்கள். அடைகாக்கும் பறவை எழுந்து பறந்தால் அதிகாலைக் குளிரில் முட்டை ஆறிப்போகும். பத்து மணிக்கு மேல் வெயிலில் வெந்துபோகும். தூவி மட்டுமே உள்ள குஞ்சு நிழல் இல்லாமல் அதிக நேரம் தாங்காது. காகம் பக்கத்திலேயே காத்திருக்கும். இறகு முளைத்த பெரிய குஞ்சுக்கு வேறுவிதமான ஆபத்து: மிரண்டால் பறக்கத் தெரியாத நிலையிலேயே திட்டிலிருந்து குதித்துவிடும்.

டிரோன் வேண்டவே வேண்டாம். பல கழுகுகளும் வல்லூறுகளும் அதைத் தாக்கி இறக்கை ஒடிந்துபோகும். இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும்: இதே பாறைகளில் மலைத்தேனீக்களும் அடை வைக்கும். புகையும் வாசனைத் திரவியமும் கூச்சலும் இல்லாமல் போங்கள், திரும்பி ஓட வழி இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

கருவிகள் அதிகம் தேவையில்லை. 8x42 இருகண்நோக்கி ஒன்று, 20 முதல் 60 மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கி ஒன்று, அதற்கு ஆடாத முக்காலி, பென்சில், குறிப்பேடு. பணம் குறைவாக இருந்தால் முக்காலியில் மிச்சம் பிடிக்காதீர்கள். பாலைக் காற்றில் ஆடும் தொலைநோக்கியால் ஒரு பயனும் இல்லை. சூரியன் உதித்து மூன்று மணி நேரத்துக்குள் பார்த்து முடியுங்கள். அதற்குப் பிறகு கானல் எழும்பி, முட்டைமேல் உட்கார்ந்த பறவையும் கல்லும் ஒன்றுபோலத் தெரியும். கிழக்கு பார்த்த பாறைக்குக் காலை நேரம் சரி. மேற்கு பார்த்த பாறைக்கு மாலையில் போங்கள்.

கண்டுபிடிப்பதும் எண்ணிடுவதும்

பாறையில் வெள்ளைக் கோடுகள் வழிந்திருக்கும் இடங்களை முதலில் பாருங்கள். பளிச்சென்று இருந்தால் புதிய எச்சம், மங்கிச் சாம்பல் நிறமாக இருந்தால் பழையது. ஆனால் எச்சம் மட்டும் கூட்டுக்குச் சான்று ஆகாது. பாறுகள் இரவு தங்கும் திட்டிலும் இதே கோடுகள் இருக்கும். ஆந்தையும் வல்லூறும் இதேபோல் இடும்.

பிறகு பாறை முழுவதையும் ஒரே அகலப் படமாக எடுத்து அச்சிட்டு, இடமிருந்து வலமாகத் திட்டுகளுக்கு எண் எழுதுங்கள். அந்தப் படம்தான் இனி வரும் ஆண்டுகளுக்கெல்லாம் உங்கள் வரைபடம். புதிய திட்டு ஒன்று சேர்ந்தால் கடைசி எண்ணுக்கு அடுத்ததைக் கொடுங்கள்; பழைய எண்களை ஒருபோதும் மாற்றாதீர்கள்.

கருங்கழுத்துப் பாறு நவம்பர் வாக்கில் கூடுகளைச் சீர்படுத்தத் தொடங்கும். ஒரே ஒரு முட்டைதான். ஏறத்தாழ 50 நாள் அடைகாக்கும். குஞ்சு பறக்க மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். ஆகவே பருவத்துக்கு நான்கு முறை போனால் போதும். டிசம்பர் தொடக்கத்தில் எந்தத் திட்டில் இணை நிற்கிறது என்று பாருங்கள். ஜனவரியில் எவை அடைகாக்கின்றன, மார்ச்சில் எவற்றில் குஞ்சு, ஏப்ரல் இறுதியில் எவற்றில் இறகு நிரம்பிய குஞ்சு. லகர் வல்லூறு ஜனவரிக்குப் பிறகும், மஞ்சள்முகப் பாறு பிப்ரவரிக்குப் பிறகும் தொடங்கும். அவற்றுக்குத் தனித்தாள் வைத்துக்கொள்ளுங்கள்.

அடைகாக்கும் பறவை தட்டையாகப் படுத்திருக்கும். தலையும் முதுகின் மேற்பகுதியும் மட்டுமே தெரியும். உட்காரும்போது உடலை இடவலமாக அசைத்து முட்டைமேல் பொருந்திக்கொள்ளும். குஞ்சு வந்துவிட்டால் பெற்றோர் நின்றுகொண்டிருக்கும், தலையைக் குனிந்து ஊட்டும், வெயில் ஏறினால் இறக்கையை விரித்து நிழல் கொடுக்கும். ஒரு கூட்டில் எதுவும் தெரியவில்லை என்றால் குறைந்தது ஒரு மணி நேரம் காத்திருங்கள். முதுகைக் காட்டி உட்கார்ந்த பறவை நிழலோடு நிழலாகக் கலந்துவிடும்.

குறிப்பேட்டில் மூன்றைப் பிரித்து எழுதுங்கள்: இணை இருக்கும் கூடு, முட்டை அல்லது குஞ்சு உள்ள கூடு, பறக்கும் பருவத்துக் குஞ்சை எட்டிய கூடு. முதலாவதையும் மூன்றாவதையும் கலந்து 'பன்னிரண்டு கூடு' என்று எழுதினால், இனப்பெருக்கம் சரிகிறது என்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஒரு திட்டு காலியாக இருந்தால் உடனே கைவிடப்பட்டது என்று எழுதவும் வேண்டாம். அதே பாறையில் வேறு திட்டுக்கு மாறியிருக்கலாம். முழுப் பாறையையும் முழுப் பருவமும் பார்த்த பிறகே அந்த முடிவுக்கு வர வேண்டும்.

கூடுகளின் இடக்குறியீட்டைச் சமூக வலைத்தளங்களில் போடாதீர்கள். கைப்பேசிப் படத்துக்குள்ளேயே இடம் பதிவாகியிருக்கும். பகிரும் முன் அதை நீக்குங்கள். வல்லூறுக் குஞ்சுகளைத் திருடி விற்பவர்கள் இருக்கிறார்கள். படமெடுக்கக் கூட்டமாக வருகிறவர்களால் வரும் கேடும் அதற்குக் குறைந்ததல்ல. பருவம் முடிந்ததும் தாளை வனத்துறைக்குக் கொடுங்கள். 500 மீட்டருக்குள் கல் உடைப்பதற்கோ பாறை ஏற்றத்துக்கோ அனுமதி கேட்டு யாராவது வந்தால், நவம்பர் முதல் மே வரை அதை நிறுத்தச் சொல்ல உங்கள் தாள்தான் ஆதாரம். வெடிவைப்புக்கு அந்தத் தொலைவு போதாது. இன்னும் வெகுதூரம் தள்ளிவைக்கச் சொல்ல வேண்டும்.

மருந்து: இதுதான் முதன்மை வேலை

1990-களின் தொடக்கத்துக்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறு ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்குச் சரிந்தது. கருங்கழுத்துப் பாறு நூற்றுக்கு மூன்றாகக் குறைந்தது. காரணம் மாட்டுக்கு வலிக்கும் வீக்கத்துக்கும் போடப்பட்ட டைக்ளோஃபெனாக் என்று பாகிஸ்தானில் நடந்த ஆய்வு 2004-இல் காட்டியது. மருந்து போட்ட சில நாளில் மாடு செத்தால் அதன் ஈரலிலும் சிறுநீரகத்திலும் மருந்து தங்கியிருக்கும். அதைத் தின்ற பாறின் சிறுநீரகம் செயலிழந்து, யூரிக் அமிலம் வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சுபோல உள்ளுறுப்புகளின்மேல் படிந்து, ஓரிரு நாளில் பறவை செத்துப்போகும்.

மாட்டுச் சடலங்களில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவானவற்றில் இந்த மருந்து இருந்தாலே இத்தனை பெரிய சரிவுக்குப் போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நம்ப முடியாததுபோல இருக்கும், ஆனால் காரணம் எளியது. ஒரு மாட்டைப் பெருங்கூட்டமே சேர்ந்து தின்கிறது. ஆண்டுக்கு ஒரே முட்டை இட்டு, ஐந்து வயதுவாக்கில் மட்டுமே இனப்பெருக்கம் தொடங்கும் பறவைக்கு வளர்ந்தவை சாவதை ஈடுகட்ட முடியாது. ஆகவே 'எங்கள் ஊரில் பெரும்பாலும் நல்ல மருந்துதான்' என்ற பதிலோடு திருப்தி அடையாதீர்கள். மிச்சமிருக்கும் அந்த ஒன்றிரண்டு கடைகள்தான் உங்கள் இலக்கு.

தடைகளின் வரிசையை மனப்பாடமாக வைத்திருங்கள். கால்நடைக்கான டைக்ளோஃபெனாக் 2006-இல் நிறுத்தப்பட்டது. மனிதருக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போட்டதால், 2015-இல் மனிதருக்கான ஊசி மருந்து 3 மில்லி ஒற்றை வேளைக் குப்பியாக மட்டுமே வர வேண்டும் என்று ஆணை வந்தது. கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் என்ற வலிமருந்துகளும் 2023-இல் கால்நடைக்குத் தடைசெய்யப்பட்டன. இதில் அசிக்ளோஃபெனாக் மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடுகிறது. நிமிசுலைடுக்கு 2024-இன் இறுதியில் தடை வந்தது. ஃப்ளூனிக்சினும் பாறுகளுக்கு ஆகாது. பாதுகாப்பானவை என்று சோதித்து அறியப்பட்டவை மெலாக்சிகாம், டால்ஃபெனமிக் அமிலம் இரண்டும்தான்.

வேலையை இப்படித் தொடங்குங்கள். பாறையை நடுவில் வைத்து வரைபடத்தில் 100 கிலோமீட்டர் ஆரத்தில் வட்டம் போடுங்கள். பாறு பாதுகாப்பு மண்டலங்களுக்கு இந்த அளவைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்குள் வரும் கால்நடை மருந்துக்கடைகள், அரசு கால்நடை மருந்தகங்கள், கோசாலைகள், பால் கூட்டுறவுச் சங்கங்களைப் பட்டியலிடுங்கள். எண்ணிக்கையைப் பார்த்து மலைக்க வேண்டாம், பாறைக்கு அருகிலிருந்து வெளியே போங்கள். கோசாலையை எப்போதும் முதலில் வையுங்கள். கிழடும் அடிபட்டதுமான மாடுகள் அங்கே சேர்கின்றன, கடைசி நாளில் வலிமருந்து ஏற்றப்படுகிறது, சடலம் நேராகக் கிடங்குக்குப் போகிறது. ஒரு கோசாலை மெலாக்சிகாமுக்கு மாறினால் பல கிராமங்கள் மாறியதற்குச் சமம்.

கடையில் அதிகாரிபோல நடந்துகொள்ளாதீர்கள். அலமாரியில் என்ன இருக்கிறது, மருந்தின் வேதிப்பெயர், குப்பியின் அளவு, தயாரிப்புத் தொகுதி எண், காலாவதி நாள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். வணிகப் பெயரை மட்டும் குறித்தால் போதாது. ஒரே பெயரில் வெவ்வேறு கலவைகள் வரும். மெலாக்சிகாம் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும் குப்பியில் வேறு மருந்தும் கலந்திருக்கலாம். தடைசெய்யப்பட்ட குப்பி இருந்தால் ரசீதோடு வாங்கி மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு அனுப்புங்கள்.

மாடு வளர்ப்பவர்கள் சொல்லும் மறுப்பு ஒன்றுதான்: மெலாக்சிகாம் சட்டென்று கேட்பதில்லை. இதற்கு வாதம் செய்யாமல் அந்த வட்டாரக் கால்நடை மருத்துவரை அழைத்து வந்து பேசவையுங்கள். பெரும்பாலும் எடைக்கேற்ற அளவு போடாததுதான் காரணம் என்று அவர் காட்டுவார். உங்கள் வாயிலிருந்து மருந்தளவு எதுவும் வரக் கூடாது.

சடலத்தை எங்கே, எப்படிப் போடுவது

மருந்தில்லாத சடலம் கிடைக்காவிட்டால் பாறு பட்டினி கிடக்கும். எல்லாவற்றையும் குழிதோண்டிப் புதைப்பது தீர்வாகாது. நோயில் சாகாத, கடைசி இரண்டு வாரத்தில் எந்த வலிமருந்தும் போடாத மாட்டை மட்டும் திறந்த இடத்தில் போடுங்கள். உறுதியாகத் தெரியாவிட்டால் புதையுங்கள். வலியில்லாமல் சாகடிக்க ஊசி போடப்பட்ட விலங்கையும் கட்டாயம் புதைக்க வேண்டும். அந்த மருந்தே பறவையைக் கொல்லும்.

இடம் ரயில் பாதையிலிருந்தும் உயரழுத்த மின்தடத்திலிருந்தும் விலகியிருக்கட்டும். தண்டவாளத்தில் அடிபட்ட மாட்டைத் தின்ன இறங்கும் பாறுகள் அடுத்த ரயிலில் அடிபடுகின்றன, வயிறு நிறைந்தால் அவற்றால் சட்டென்று எழ முடியாது. அதே காரணத்தால் சடலத்தைச் சுற்றி ஓடி எழும்ப வெட்டவெளி வேண்டும். சீமைக்கருவேலம் அடர்ந்திருந்தால் வெட்டுங்கள். நாய்கள்தான் பெரிய தொல்லை. அவை பாறுகளை விரட்டிவிட்டு இறைச்சியைத் தின்றுவிடும். தோலை உரித்துப் போட்டால் சடலம் விரைவில் முடியும், நாய்களுக்கு மிச்சம் குறையும். கருத்தடை செய்யாமல் நாயை விரட்டுவதால் மட்டும் பயனில்லை.

விஷம் வைத்த சடலத்தை அடையாளம் காணுங்கள். ஒரே சடலத்தைச் சுற்றிப் பறவைகளும் நாய்களும் சேர்ந்து செத்துக் கிடந்தால், ஈக்களும் அதன்மேலேயே செத்திருந்தால், அது கிட்டத்தட்ட உறுதியாகப் பூச்சிமருந்து. வெறுங்கையால் தொடாதீர்கள். படமெடுத்து, மற்ற பறவைகள் இறங்காமல் மூடி, வனத்துறையை அழையுங்கள். மாதிரி எடுப்பது கால்நடை மருத்துவரின் வேலை: ஈரல், சிறுநீரகம், இரைப்பை உள்ளடக்கம் ஆகியவற்றைத் தனித்தனியாக எடுத்து உறைநிலையில் அனுப்ப வேண்டும். வெயிலில் ஒரு நாள் கிடந்தாலே மாதிரி வீணாகிவிடும்.

மின்கம்பமும் தண்ணீர்த் தொட்டியும்

11 கிலோவோல்ட் கம்பங்களில் இரும்புக் குறுக்குச்சட்டத்தின் மேல், மின்கம்பியைத் தாங்கும் குத்துக்கோல் மின்காப்பான்கள் நிற்கும். சட்டம் நிலத்தோடு இணைந்தது. அதில் உட்கார்ந்த பறவையின் இறக்கை கம்பியைத் தொட்டால் முடிந்தது. கருங்கழுத்துப் பாறின் இறக்கை விரிப்பு இரண்டு மீட்டருக்கும் மேல். மழையில் நனைந்த இறகு என்றால் இன்னும் மோசம். மின்மாற்றி இருக்கும் கம்பங்களும் இணைப்புக் கம்பிகள் குறுக்கே ஓடும் கம்பங்களும்தான் அதிகம் கொல்கின்றன.

கம்பம் கம்பமாக நடந்து, ஒவ்வொன்றின் அடியிலும் 20 மீட்டர் தொலைவு வரை சுற்றிலும் இறகும் எலும்பும் தேடுங்கள். கம்ப எண்ணையும் அமைப்பையும் எழுதுங்கள். ஒன்றும் கிடைக்காவிட்டால் ஒன்றும் சாகவில்லை என்று பொருளில்லை. நரியும் நாயும் இரவோடு இரவாக இழுத்துப் போய்விடும். மின்பகிர்மான நிறுவனத்திடம் கேட்க வேண்டியது இவை: கம்பிகளுக்கு இடையே 1.5 மீட்டர் இடைவெளி, அல்லது நடுக்கம்பிக்கும் இணைப்புக் கம்பிகளுக்கும் மின்காப்பு உறை, அல்லது சட்டத்துக்குக் கீழே தொங்கும் மின்காப்பான். உட்கார விடாமல் முள் வைப்பது மட்டும் போதாது. பறவை அடுத்த கம்பத்துக்குப் போய் அங்கே சாகும். எல்லாக் கம்பத்தையும் மாற்றக் கேட்டால் ஒன்றும் நடக்காது. பறவை செத்த கம்பங்களின் பட்டியலோடு போனால் வேலை நகரும். நீங்களாகக் கம்பத்தில் ஏறவோ தொடவோ வேண்டாம்.

பாலையில் சுவர் செங்குத்தான தொட்டிகளில் பாறும் கழுகும் குளிக்க இறங்கி மூழ்கிவிடும். சரிவுப் பலகை வைத்தால் போதும். அது சொரசொரப்பாக இருக்க வேண்டும், தொட்டியின் அடி வரை இறங்க வேண்டும், சுவரை ஒட்டியே இருக்க வேண்டும். நனைந்த பறவை சுவரோரமாகத்தான் நீந்திப் போகும். நடுவில் வைத்த பலகை அதன் கண்ணில் படாது.

கீழே விழுந்த பறவை

முதன்முறை பறக்கும் குஞ்சு தரையில் இறங்கிவிடுவது வழக்கம். காயம் தெரியாவிட்டால் எடுக்காதீர்கள். நாய் வராமல் தூரத்திலிருந்து பாருங்கள், மறுநாள் வெயில் ஏறி காற்று மேலெழும்பும்போது போய்விடக்கூடும். கழுத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பதை மட்டும் வைத்து மருந்து விஷம் என்று முடிவு செய்யாதீர்கள். கடும் வெயிலிலும் பாறுகள் அப்படி உட்காரும்.

எடுத்தே ஆக வேண்டும் என்றால் கனத்த துணியால் தலையோடு போர்த்துங்கள். வல்லூறு, கழுகு என்றால் கால்களைப் பிடியுங்கள், அவற்றின் ஆயுதம் நகம். பாறு என்றால் தலையைக் கவனியுங்கள், கடிக்கும், கக்கவும் செய்யும். காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டிக்குள் இருட்டில் வையுங்கள். தீனி கொடுக்காதீர்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். வனத்துறையை உடனே அழையுங்கள். மருத்துவரிடம் ஒப்படைக்கும்போது, வலிக்கு ஊசி போடுவதானால் மெலாக்சிகாம் மட்டும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், பெட்டியின் மேலும் எழுதி ஒட்டுங்கள். பழக்கத்தில் கை வேறு குப்பிக்குப் போய்விடும்.